வடிகாலைப் பெரிதாக்கினால் வெள்ளம் நிற்குமா?

கேள்வி இதுதான்: “ஆண்டுதோறும் புதிது புதிதாக மழைநீர் வடிகால் கட்டுகிறார்கள். ஆனாலும் கனமழை ஒன்று பெய்தால் தெரு மூழ்குகிறது, ஆறும் நாறுகிறது. வடிகாலை இன்னும் பெரிதாகக் கட்டினால் தீர்ந்துவிடாதா? மற்ற நகரங்கள் என்ன செய்கின்றன?”

தீராது. காரணத்தை ஒரு சின்னக் கணக்கில் தொடங்குகிறேன். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மணி நேரத்துக்குள் 50 மில்லிமீட்டர் மழை என்றால் 5 லட்சம் லிட்டர். அந்த நிலம் மரமும் புல்லுமாக, நீரை உறிஞ்சும் மண்ணாக இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு மேலே வழிந்தோடும் என்று வைத்துக்கொள்ளலாம். நொடிக்கு ஏறத்தாழ 28 லிட்டர். அதே நிலத்தைக் கான்கிரீட்டும் தாரும் மூடிவிட்டால் பத்தில் ஒன்பது பங்கு ஓடிவரும். நொடிக்கு 125 லிட்டர். பெய்தது அதே மழை. தரைதான் மாறியிருக்கிறது. மழையின் வேகம், நிலத்தின் பரப்பு, தரையின் தன்மை ஆகிய மூன்றையும் பெருக்கிப் பார்க்கும் இந்த முறையை 1889-இல் எமில் குய்ச்லிங் என்ற பொறியாளர் அமெரிக்காவில் எழுதிவைத்தார். சிறிய பகுதிகளுக்கான வடிகாலை இன்றும் உலகெங்கும் பெரும்பாலும் இப்படித்தான் கணக்கிடுகிறார்கள்.

தண்ணீர் எவ்வளவு வருகிறது என்பதோடு எப்போது வருகிறது என்பதும் முக்கியம். மண்ணிலும் புதரிலும் தட்டுத்தடுமாறி வரும் தண்ணீர் ஆற்றுக்கு வந்து சேர மணிக்கணக்காகும். வழவழப்பான கான்கிரீட் கால்வாயில் சில நிமிடங்களில் வந்துவிடும். மேட்டுப் பகுதியின் தண்ணீரும் பள்ளப் பகுதியின் தண்ணீரும் முன்பு வேறுவேறு நேரத்தில் வந்து சேர்ந்தன. மேட்டில் வடிகாலை அகலப்படுத்தி வேகத்தைக் கூட்டியதும் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து மோதுகின்றன. மேட்டுத் தெரு பிழைத்துக்கொள்கிறது, கீழே உள்ள குடியிருப்பு மூழ்குகிறது. வடிகால் பெரிதாக்குவதில் உள்ள பெரிய அநியாயம் இது. எந்தத் தெருவுக்கு நன்மை செய்தோம் என்று விழாவில் அறிவிப்பார்கள். எந்தத் தெருவின் தலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டினோம் என்பதை யாரும் சொல்வதில்லை.

அடுத்தது, வடிகால் எங்கே போய் முடிகிறது என்பது. எவ்வளவு பெரிய வடிகாலானாலும் ஆற்றிலோ ஏரியிலோ கடலிலோதான் முடிய வேண்டும். ஆறு கரைபுரளும் நேரத்தில், கடலில் ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில், முகத்துவாரத்தில் வெளி நீர்மட்டம் வடிகாலின் வாயைவிட உயர்ந்து நிற்கும். தண்ணீர் வெளியேறாது, சில இடங்களில் ஆற்று நீரே வடிகால் வழியாக ஊருக்குள் ஏறிவரும். அதைத் தடுக்க ஒருவழிக் கதவு பொருத்தலாம். ஆனால் கதவு மூடியிருக்கும் நேரத்தில் உள்ளே பெய்யும் மழையைப் பம்பு வைத்துத்தான் இறைக்க வேண்டும். மின்சாரம் முதலில் துண்டிக்கப்படுவதும் அந்த நேரத்தில்தான் என்பதால், பம்புக்கு டீசல் ஜெனரேட்டர் இருக்கிறதா, அது தண்ணீர் தொடாத உயரத்தில் இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆகவே நான் சொல்ல விரும்புவது இதுதான்: மழை எல்லாம் ஒரே மழை அல்ல. அடிக்கடி பெய்யும் சிறு மழை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் கனமழை, தலைமுறைக்கு ஒருமுறை வரும் பேய்மழை என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தால்தான் எந்தக் கருவியை எங்கே பயன்படுத்துவது என்று புரியும். ஓரளவு வெற்றி பெற்ற நகரங்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இந்தப் பிரிவினையைச் செய்தவைதான்.

சிறு மழையை யாரும் பொருட்படுத்துவதில்லை, ஏனென்றால் அதனால் தெரு மூழ்குவதில்லை. ஆனால் ஆற்றைக் கெடுப்பதில் அதன் பங்கு பெரிது. ஓராண்டில் பெய்யும் மழை நாட்களில் பெரும்பாலானவை சிறு மழைதான். வெயில் காலம் முழுவதும் சாலையில் சேர்ந்த எண்ணெய்ப் பிசுக்கு, பிரேக் கட்டையிலிருந்து உதிரும் செம்புத் துகள், துத்தநாகம் பூசிய கூரைத்தகட்டின் கசிவு, நாய்க் கழிவு, பிளாஸ்டிக் குப்பை அனைத்தையும் முதல் மழைதான் கழுவி வடிகாலில் தள்ளுகிறது. முதல் அரைமணி நேரத்து நீரின் நிறத்தைப் பார்த்தாலே தெரியும். மழைநீர் சுத்தமானது என்பது கூரையைத் தொடும்வரைதான் உண்மை.

இதற்கு நெஞ்சை உலுக்கும் ஒரு சான்று அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் கிடைத்தது. முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து நகர ஓடைகளுக்கு ஏறிவரும் கோஹோ சால்மன் மீன்கள், மழை பெய்த சில மணி நேரத்தில், முட்டையிடும் முன்பே செத்து மிதந்தன. ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தேடி 2020-இல் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். டயர் ரப்பரில் விரிசல் விழாமல் இருக்க அதில் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள், காற்றிலுள்ள ஓசோனுடன் சேர்ந்து நச்சாக மாறுகிறது. தேய்ந்த டயர்த் தூளிலிருந்து அது மழையில் கரைந்து ஓடைக்கு வருகிறது. தொழிற்சாலைக் குழாய் எதுவும் இல்லை, குற்றவாளி என்று கைகாட்ட ஒருவரும் இல்லை. சாலையில் ஓடும் எல்லா வண்டிகளும் சேர்ந்து செய்த வேலை அது.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அந்த நஞ்சு எதுவென்று தெரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அதே பகுதியின் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்திருந்தார்கள். நெடுஞ்சாலையிலிருந்து பிடித்த மழைநீரை மணலும் மக்கிய உரமும் கலந்த மண் அடுக்கின் வழியாக மெல்ல வடியவிட்டு, அந்த நீரில் மீன்களை விட்டார்கள். வடிகட்டாத நீரில் மீன்கள் இறந்தன. மண்ணில் வடிந்த நீரில் பிழைத்தன. வெறும் மணலும் மக்கிய உரமும் செய்த வேலை அது. கோடிக்கணக்கில் செலவாகும் சுத்திகரிப்பு ஆலையைச் சாலைதோறும் கட்ட முடியாது, ஆனால் சாலையோரத்தில் மண்ணைத் திறந்துவிட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை.

அப்படித் திறந்துவிடும் மண்ணைத்தான் மழைத்தோட்டம் என்கிறோம். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இதற்கு முறையான வடிவம் கிடைத்தது. பார்ப்பதற்குச் சாலையோரப் பூச்செடிப் படுகை போலத்தான் இருக்கும். ஆனால் சாலையைவிட ஒரு சாண் தாழ்வாக இருக்கும். நடைபாதைக் கல்லில் விட்ட இடைவெளி வழியாகச் சாலைத் தண்ணீர் அதற்குள் இறங்கும். மேலே நாணலும் புல்லும் குறுஞ்செடிகளும், அதன் கீழே இரண்டு மூன்று அடி ஆழத்துக்கு மணல் மிகுந்த மண், அதற்கும் கீழே ஜல்லி. அடிமண் களிமண்ணாக இருந்தால் ஜல்லிக்குள் துளையிட்ட குழாய் ஒன்று. அளவுக்கு மீறி நீர் வந்தால் வெளியேற, நீர் தேங்க வேண்டிய உயரத்தில் ஒரு வழிந்தோடி. தேங்கிய நீர் இரண்டு நாட்களுக்குள் மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும். கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க வெப்பமான பகுதியில் ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் என்பதால், சரியாக வடியும் மழைத்தோட்டத்தில் கொசு பெருகாது. வடியாத மழைத்தோட்டம் கொசுப் பண்ணையாகிவிடும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இவை பெரும்பாலும் கெட்டுப்போவது ஒரே காரணத்தால். பக்கத்தில் கட்டட வேலை நடக்கும்போதே தோட்டத்தைத் திறந்துவிடுகிறார்கள். சேறும் சிமெண்ட் கலவையும் இறங்கி மேல்மண்ணில் அடை அடையாகப் படிந்துவிடுகிறது. பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் நீர் இறங்காது. மேல் இரண்டு அங்குலத்தைச் சுரண்டி எடுத்துப் புது மணல் போட்டால் பெரும்பாலும் உயிர்பெற்றுவிடும். ஆனால் சுரண்ட ஆளும் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் எந்தக் கணக்கில் என்பதும் முடிவாகியிருக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரம் இந்த வழியை ஒரு முழு நகரத்துக்கான கொள்கையாகவே ஏற்றது. 2011-இல் தொடங்கிய அதன் 25 ஆண்டுத் திட்டம், பெரிய சுரங்கம் தோண்டுவதற்குப் பதிலாக ஆயிரக்கணக்கான ஏக்கர் கான்கிரீட் பரப்பிலிருந்து வரும் முதல் ஓர் அங்குல மழையை மண்ணிலும் தொட்டிகளிலும் பிடித்துக்கொள்வதை நோக்கமாகக் கொண்டது. அங்கே மழைநீருக்கான கட்டணத்தைத் தண்ணீர் மீட்டரை வைத்துப் போடுவதில்லை. வணிக நிலங்களுக்கு, நிலத்தின் அளவையும் அதில் எவ்வளவு பரப்பைக் கான்கிரீட்டால் மூடியிருக்கிறீர்கள் என்பதையும் வைத்துப் போடுகிறார்கள். பரந்த வாகன நிறுத்துமிடம் வைத்திருக்கும் வணிக வளாகம் அதிகம் கட்டும். ஜெர்மனியிலும் கழிவுநீருக்கு ஒரு கட்டணம், மூடிய பரப்புக்கு ஒரு கட்டணம் என்று பிரித்தே வாங்குகிறார்கள். இது நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். வெள்ளத்தை உண்டாக்குபவர் ஒருவர், மூழ்குபவர் இன்னொருவர் என்ற நிலையை ஓரளவாவது சரிசெய்யும் வழி இது.

இரண்டாவது வகையான கனமழைக்கு மழைத்தோட்டம் மட்டும் போதாது. அது நிரம்பிய பிறகும் மழை பெய்துகொண்டிருக்கும். இங்கேதான் வடிகாலுக்கு உண்மையான வேலை. வடிகாலே வேண்டாம் என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வடிகாலோடு தேக்கிடமும் வேண்டும். சிங்கப்பூரில் 2014 முதல் 0.2 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள புதிய கட்டுமானங்கள், தங்கள் நிலத்திலிருந்து மழைநீர் வெளியேறும் உச்ச வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். கூரையிலோ நிலத்தடித் தொட்டியிலோ தேக்கி, மழை ஓய்ந்த பிறகு மெல்ல விட வேண்டும். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 2013-இல் திறந்த பெந்தெம்பிளைன் சதுக்கத்தில் மழையில்லாத நாளில் சிறுவர்கள் விளையாடுவார்கள், மழை நாளில் அதன் படிக்கட்டுப் பள்ளங்களில் ஏறத்தாழ 17 லட்சம் லிட்டர் நீர் நிற்கும். சிங்கப்பூரின் பிஷான் பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேராகப் போன கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டருக்கு வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக 2012-இல் மாற்றினார்கள். மழை கூடும்போது ஆறு பூங்காவின் புல்வெளிமேல் பரவும். ஆட்களைக் கரையேற்ற எச்சரிக்கை மணியும் விளக்கும் வைத்திருக்கிறார்கள். நிலம் கிடைக்காத அடர்ந்த நகரத்தில் ஒரே இடத்துக்கு இரண்டு வேலை கொடுப்பதுதான் வழி.

நகரத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் ஏரி, குளம், சதுப்பு நிலம் ஆகியவற்றுக்கு ஈடான தேக்கிடத்தை எந்தப் பொறியாளராலும் அந்தச் செலவில் கட்ட முடியாது. ஆனால் ஏரியைக் காப்பது என்றால் கரையைக் கட்டி நடைபாதை போடுவது என்று ஆகிவிட்டது. நீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபட்டால் ஏரிக்கு நீர் வராது. மிகுதி நீர் வழியும் கலங்கலும், அதை வெளியே கொண்டுபோகும் போக்குக்காலும் அடைபட்டால் வந்த நீர் குடியிருப்புக்குள் போகும். ஏரியின் எல்லைக்கல்லை மட்டும் அளப்பவர்கள் இந்த இரண்டையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

மூன்றாவது, பேய்மழை. இதை எந்தக் குழாயிலும் அடக்க முடியாது, அடக்க நினைப்பதே வீண் செலவு. 2011 ஜூலை 2 அன்று டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் மூன்று மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 150 மில்லிமீட்டர் மழை கொட்டியது. நிலவறைகள் நிரம்பின, சாலைகள் ஆறாயின. அடுத்த ஆண்டே நகரம் ஒரு திட்டத்தை வெளியிட்டது. நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழையிலும் பெரும்பாலான இடங்களில் தரைமேல் 10 சென்டிமீட்டருக்கு மேல் நீர் நிற்கக் கூடாது என்பது அதன் இலக்கு. தெருவில் தண்ணீரே நிற்காது என்று அவர்கள் வாக்குறுதி தரவில்லை என்பதைக் கவனியுங்கள். எவ்வளவு நிற்கலாம், எந்தத் தெரு வழியாக ஓடலாம், எந்தப் பூங்காவில் தேங்கலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்தார்கள். சில சாலைகளை நடுவில் பள்ளமாக, ஓரம் உயர்வாக அமைத்து, பேய்மழை நாளில் அந்தச் சாலையே கால்வாயாகும்படி திட்டமிட்டார்கள். ஏறத்தாழ 300 பணிகள், இருபது ஆண்டுகளுக்கும் மேல். இதை ஒரு தேர்தல் காலத்துக்குள் முடிக்க முடியாது.

இதில் ‘நூறாண்டு மழை’ என்ற பெயர் பலரை ஏமாற்றுகிறது. ஒருமுறை வந்துவிட்டால் இனி நூறு ஆண்டு கவலையில்லை என்று நினைக்கிறார்கள். எந்த ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். முப்பது ஆண்டு வீட்டுக் கடன் கட்டி முடிப்பதற்குள் அப்படி ஒரு மழையைப் பார்க்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்று. அதுவும் பழைய மழைக் கணக்கின்படி. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 விழுக்காடு கூடும் என்பதால் பழைய அட்டவணைகளை நம்பிக் கட்டுவது ஆபத்து.

மழை வகைகளைக் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குச் சீனாவின் ஜெங்ஜோ நகரம் உதாரணம். மழையை உறிஞ்சும் ‘கடற்பஞ்சு நகரம்’ ஆக்குவதற்கு அங்கே பெரும் பணம் செலவாகியிருந்தது. 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் மழை பெய்தது. ஓடிக்கொண்டிருந்த சுரங்க ரயிலுக்குள் தண்ணீர் புகுந்து 14 பேர் இறந்தார்கள். உடனே கடற்பஞ்சுத் திட்டமே மோசடி என்று பலர் எழுதினார்கள். அது தவறான முடிவு. மழைத்தோட்டமும் நீர் புகும் நடைபாதையும் சிறு மழைக்கானவை. அந்த அளவு மழையை உறிஞ்ச எந்த மண்ணாலும் ஆகாது. அன்று தேவைப்பட்டவை ரயிலை உரிய நேரத்தில் நிறுத்தும் உத்தரவு, சுரங்க நுழைவாயிலில் உயர்ந்த தடுப்பு, சுரங்கப்பாதைகளை மூடும் அதிகாரம். பேய்மழை நாளில் உயிரைக் காப்பது முதலில் எச்சரிக்கையும் முடிவெடுக்கும் துணிவும்தான்.

பெருஞ்சுரங்கங்கள் பற்றியும் கேட்பீர்கள். டோக்கியோவுக்கு வடக்கே கசுகாபேயில் 2006-இல் முடிந்த சுரங்கம் 6.3 கிலோமீட்டர் நீளம், தரைக்கு ஏறத்தாழ 50 மீட்டர் கீழே. சிறு ஆறுகளின் வெள்ளத்தை வாங்கிப் பெரிய ஆற்றுக்கு நொடிக்கு 200 கன மீட்டர் வரை இறைக்க முடியும். அதன் தூண் மண்டபத்தின் படத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள். சுற்றிலும் தாழ்நிலம், பல ஆறுகள் என்ற அந்த இடத்துக்கு அது பொருத்தம். சிகாகோ 1975-இல் தோண்டத் தொடங்கிய சுமார் 175 கிலோமீட்டர் சுரங்கங்கள் 2006-இல்தான் முடிந்தன, அவற்றோடு சேர்ந்த நீர்த்தேக்கப் பணிகள் அதன்பின்னும் தொடர்கின்றன. பணமும் பொறுமையும் உள்ள நகரங்களுக்கும் இது கடைசி வழியாகவே இருக்க வேண்டும்.

ஆறு ஏன் நாறுகிறது என்ற உங்கள் கேள்விக்கு இப்போது வருகிறேன். பழைய நகரங்கள் பலவற்றில் வீட்டுக் கழிவும் மழைநீரும் ஒரே குழாயில் போகின்றன. மழையில்லாத நாளில் எல்லாம் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். கனமழையில் குழாய் நிறைந்தால், வீடுகளுக்குள் பின்வாங்காமல் இருக்க, கலந்த நீரை அப்படியே ஆற்றில் விடும்படி அமைத்திருக்கிறார்கள். 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்க முடியாமல் போன பிறகு பொறியாளர் ஜோசப் பாசல்ஜெட் கட்டிய லண்டன் அமைப்பும் இப்படித்தான். அந்தக் கலப்பு நீர் ஆற்றில் கலப்பதைக் குறைக்க 25 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் ஒன்றைத் தோண்டி 2025-இல் முழுமையாக இணைத்தார்கள். பாரிஸில் 2024 ஒலிம்பிக்கின்போது மழைக்குப் பிறகு சீன் நதி மாசுபட்டதால் ஆற்றில் நீந்துவதும் அடங்கிய ஆடவர் டிரையத்லான் போட்டி ஒரு நாள் தள்ளிப்போனது. ஆற்றைச் சுத்தமாக வைக்க அங்கே முன்பே கட்டிய 50,000 கன மீட்டர் தொட்டியைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். ஆற்றின் மேற்பகுதியில் மழைநீர்க் குழாயில் தவறாக இணைத்திருந்த வீட்டுக் கழிவுக் குழாய்களைத் தேடித் திருத்தியதும், படகு வீடுகளைக் கழிவுநீர் அமைப்போடு இணைத்ததும் அதே அளவுக்கு முக்கியமான வேலைகள். 2025 கோடையில் பொதுமக்கள் அந்த நதியில் மீண்டும் குளித்தார்கள்.

மழைநீருக்கும் கழிவுநீருக்கும் தனித்தனிக் குழாய் இருக்கும் நகரங்களில் நோய் இன்னும் மறைவானது. காகிதத்தில் இரண்டும் தனி. தரைக்குக் கீழே கட்டடங்களின் கழிவுக் குழாய், அருகில் எது கிடைத்ததோ அதில் இணைந்திருக்கும். இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். தொடர்ந்து மூன்று நாட்கள் மழையில்லாத பிறகு, மழைநீர் வடிகால் ஆற்றில் சேரும் வாய்க்குப் போய்ப் பாருங்கள். அது பெரும்பாலும் வறண்டிருக்க வேண்டும். தெளிந்த நீர் சிறிதாகக் கசிந்தால் நிலத்தடி நீராக இருக்கலாம். சாம்பல் நிறத்தில், சோப்பு நுரையோடு, காலையிலும் மாலையிலும் கூடிக் குறைந்து ஓடினால் அது வீடுகளிலிருந்து வருகிறது. இத்தகைய நகரத்தில் மழைநீர் வடிகாலைப் பெரிதாக்குவது ஆற்றுக்குச் சாக்கடையைக் கொண்டுபோகும் பாதையைப் பெரிதாக்குவதே.

பராமரிப்பு பற்றியும் ஒரு சொல். சாலையோரத்தில் தண்ணீர் உள்ளே இறங்கும் கம்பிச்சட்டத்தை மழை பெய்துகொண்டிருக்கும்போது பாருங்கள். ஈர இலைகளும் பிளாஸ்டிக் பைகளும் அதன்மேல் ஒட்டிப் படிந்து, மேலே முழங்கால் அளவு நீர் நிற்கும். கீழே வடிகால் பாதி காலியாக இருக்கும். ஒரு குச்சியால் தள்ளினால் சுழித்துக்கொண்டு இறங்கும். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே சாலை போட்டால் சாலை உயர்ந்து வீடு பள்ளமாகிவிடும், பிறகு எந்த வடிகாலும் அந்த வீட்டைக் காப்பாற்றாது. தூர் வாரி எடுத்த சகதியைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழை அதைத் திரும்ப உள்ளே தள்ளும்.

அடுத்த முறை உங்கள் பகுதியில் வடிகால் பணி என்று அறிவிப்பு வந்தால் கேட்க வேண்டியவை சில: இது எந்த அளவு மழைக்கு வடிவமைத்தது? எங்கே போய் விழுகிறது, அங்கே நீர்மட்டம் உயர்ந்தால் என்ன ஏற்பாடு? அதைவிடப் பெரிய மழை வந்தால் மிகுதி நீர் எந்தத் தெரு வழியாகப் போகும்? தூர் வார ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள்? வடிகால் வாயில் மழையில்லாத நாளில் சாக்கடை ஓடுவதைப் பார்த்தால் கடைசியாக மழை பெய்த தேதியைக் குறித்து, படத்தோடு எழுத்தில் புகார் கொடுங்கள். எந்தக் கட்டடத்திலிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிப்பது மாநகராட்சிக்குக் கடினமான வேலை அல்ல. சந்தேகமான கட்டடத்தின் கழிப்பறையில் தீங்கற்ற சாயத்தைக் கரைத்து ஊற்றி, மழைநீர் வடிகாலின் மேன்ஹோலைத் திறந்துவைத்துக் காத்திருந்தால் போதும். இணைப்பு தவறு என்றால் அந்த நிறம் அங்கே வந்துவிடும்.